வந்த வழியே திரும்பிப் போக: சீனக் கிறிஸ்தவர்களும் சுவிசேஷக் கடனும்

2017 மே 24 அன்று, பாகிஸ்தானின் குவெட்டா நகரில் சீனர்கள் இருவரை ஆயுதம் ஏந்திய ஆட்கள் கடத்திச் சென்றார்கள். ஓர் இளைஞன், ஓர் இளம்பெண். இருவருக்கும் வயது இருபதுகளில்தான். இரண்டு வாரங்கள் கழித்து, அவர்களைக் கொன்றுவிட்டதாக ஐஎஸ் அமைப்பு அறிவித்தது. சாலையும் துறைமுகமும் கட்ட வந்த சீனர்களையே பார்த்துப் பழகிய பாகிஸ்தானில், இவர்கள் எதற்கு வந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. வணிக விசாவில் வந்து, உருது கற்பதாகச் சொல்லிக்கொண்டு, கிறிஸ்தவ மதத்தைப் பரப்பினார்கள் என்று பாகிஸ்தான் உள்துறை அமைச்சகம் சொன்னது. அவர்களை ஆசைகாட்டி அழைத்துப் போனது தென்கொரிய மிஷனரிகள்தான் என்று சீன அரசு சார்ந்த ஊடகம் பழியைப் போட்டது.

கொரியர்களின் தொடர்பு இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி முடித்துவிட்டால் ஒரு நீண்ட கதை மறைந்துபோகும். சீனத் திருச்சபைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு: சுவிசேஷக் கடன். 'நான் கடனாளியாயிருக்கிறேன்' என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்வதிலிருந்து வந்த சொல் அது. யாரோ கடல் தாண்டி வந்து, நம் மண்ணில் நோயில் விழுந்து, பிள்ளைகளைப் புதைத்து இந்தச் செய்தியைச் சொன்னார்கள்; அதை நாம் யாருக்குத் திருப்பித் தரப்போகிறோம் என்பதே அந்தச் சொல்லின் உள்ளடக்கம். 2015-இல் ஹாங்காங்கில் கூடிய சீன வீட்டுச் சபைத் தலைவர்கள் (அரசிடம் பதியாமல் வீடுகளில் கூடும் சபைகள் இவை), 2030-க்குள் 20,000 மிஷனரிகளை அனுப்புவதென்று உறுதி எடுத்தார்கள். சீனாவுக்கு வந்த அயல்நாட்டு மிஷனரிகளின் எண்ணிக்கைக்கு ஈடாக வைத்த கணக்கு அது. பட்ட கடனை எண்ணி அடைக்க நினைத்திருக்கிறார்கள்.

இந்த நினைப்பு 2015-இல் முளைத்ததல்ல. ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டு. சீனாவின் வடமேற்கே, ஷான்ஷி மாகாணத்தில் ஃபெங்ஷியாங் என்ற சிறிய ஊர். அங்கே இருந்த வேதாகமப் பள்ளியின் துணை முதல்வர் மார்க் மா. சீனாவின் மேற்கு எல்லையில் உள்ள ஷின்ஜியாங்குக்கும் அதற்கு அப்பாலும் போகவேண்டும் என்ற அழைப்பு அவருக்கும் மாணவர்கள் சிலருக்கும் உண்டானது. சுவிசேஷம் எருசலேமிலிருந்து புறப்பட்டு மேற்கே போனது, உலகைச் சுற்றிச் சீனாவின் கடலோரத்துக்கு வந்தது, அங்கிருந்து உள்நாட்டுக்கு நகர்ந்தது; மீதமிருப்பது சீனாவுக்கும் எருசலேமுக்கும் நடுவே உள்ள நிலம், அது எங்கள் பங்கு என்று அவர்கள் எண்ணினார்கள். இந்தக் குழுவை வெளிநாட்டார் 'மீண்டும் எருசலேமுக்கு' என்ற பெயரால் அறிந்தார்கள்.

ஃபெங்ஷியாங்கிலிருந்து கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் ஷிஆன் நகரம். அங்குள்ள கல்வெட்டுக் காட்சியகத்தில் ஒன்பது அடி உயரக் கல் ஒன்று நிற்கிறது. 781-இல் நாட்டப்பட்ட அந்தக் கல், 635-இல் அலோபென் என்ற பாரசீகத் திருச்சபைத் துறவி தாங் பேரரசின் தலைநகருக்கு வந்ததைச் சீனத்தில் சொல்கிறது. ஓரங்களில் சிரியாக் எழுத்துகள். கல்லின் தலைப்பில் தாமரை மேல் ஒரு சிலுவை. சென்னையில் பரங்கிமலைக் கோயிலில் இருக்கும் பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துச் சிலுவையும் அதே பாரசீகத் திருச்சபையின் கைவரிசைதான். அலோபென் வந்தது பட்டுப் பாதை வழியாக, மேற்கிலிருந்து கிழக்கே. மார்க் மாவின் மாணவர்கள் போக நினைத்தது அதே பாதையில், எதிர்த் திசையில்.

அவர்கள் எருசலேமை எட்டவில்லை. இதே எண்ணத்தோடு மேற்கே போன இன்னொரு குழுவின் தலைவர் சைமன் ஜாவ், 1950-களின் தொடக்கத்திலேயே ஷின்ஜியாங்கில் சிறைப்பட்டார். மனைவி சிறையிலேயே இறந்தார். சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தபோது அவருக்கென்று குடும்பம் இல்லை, குழு இல்லை. பின்னாளில் ஹெனான் மாகாணத்து விசுவாசிகள் அவரைத் தங்களோடு அழைத்து வைத்துக்கொண்டார்கள். நரைத்த தலையோடு அவர் சொன்ன பழைய கதையைக் கேட்ட இளைஞர்கள் வழியாகத்தான் அந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது.

அவர் சிறையில் இருந்த அந்த 30 ஆண்டுகளில் வெளியே நடந்ததுதான் வியப்பு. 1949-இல் புராட்டஸ்டன்ட் விசுவாசிகள் பத்து லட்சத்தைத் தாண்டவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அயல்நாட்டு மிஷனரிகள் அனைவரும் வெளியேறினார்கள். அரசு ஏற்ற புராட்டஸ்டன்ட் சபைகளின் அமைப்பான 'மும்மை சுய' இயக்கம், அரசின் துணையோடு 1954-இல் முறைப்படி அமைந்தது. அதில் சேர மறுத்த பெய்ஜிங் போதகர் வாங் மிங்தாவ் 1955-இல் கைதானார். ஒப்புதல் வாக்குமூலம் தந்து வெளியே வந்தவர், அந்த வாக்குமூலத்தால் மனம் உடைந்து, பின் அதை மறுத்து, மீண்டும் சிறை சென்று 1980-இல்தான் திரும்பினார். 1966-இல் பண்பாட்டுப் புரட்சி வந்தபோது அரசு ஏற்ற ஆலயங்களும் சேர்ந்தே மூடப்பட்டன. 1979-இல் நிங்போவிலும் ஷாங்காயிலும் கதவுகள் திறந்தன. 2018-இல் அரசே வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் புராட்டஸ்டன்ட் எண்ணிக்கை 3 கோடியே 80 லட்சம். பதிவில்லாத சபைகளையும் சேர்த்தால் இதைவிட மிக அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கெடுப்புகளில் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்வோர் இரண்டு சதவீதம் அளவே என்று காட்டுவோரும் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும், போதகர் இல்லாமல், ஆலயம் இல்லாமல், கையால் எழுதிப் படியெடுத்த வேதாகமப் பக்கங்களோடு இது நடந்தது என்பது மாறாது. ஹெனான், அன்ஹுய், ஜெஜியாங் கிராமங்களில் நோயாளிக்காக ஜெபிக்கப் போன பெண்கள்தான் இதன் முதுகெலும்பு. வீட்டுச் சபை என்ற சொல்லை அரசுக்கு எதிரான இயக்கம் என்று மட்டும் படிப்பவர்கள் இந்த அடுப்படி ஜெபங்களைத் தவறவிடுகிறார்கள்.

'மும்மை சுயம்' என்ற கோட்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதைப் பொதுவுடைமைக் கட்சி உருவாக்கவில்லை. தன்னைத் தானே ஆளும், தன்னைத் தானே தாங்கும், தன்னைத் தானே பரப்பும் திருச்சபை என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் முன்வைத்தது. அமெரிக்காவில் ரூஃபஸ் ஆண்டர்சனும் அதையே சொன்னார். வென் அனுப்பிய மிஷனரிகள் உழைத்த இடங்களில் ஒன்று நம் திருநெல்வேலி. அங்கே அந்த எண்ணம் காய்த்தது வேறு விதமாக: 1903-இல் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அதன் முன்னோடி வெள்ளாளன்விளைக்காரரான வி. எஸ். அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். அதே மாநாட்டில் பேசிய இன்னொருவர் சீனாவின் செங் ஜிங்யி. ஆயிரத்து இருநூறு பேர் கூடிய அவையில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அசரியா கேட்டார். உங்கள் சபைப் பிரிவுகள் எங்கள் மனத்துக்கு ஒட்டவில்லை, எங்களுக்கு ஒரே திருச்சபை வேண்டும் என்றார் செங். அவரும் 1918-இல் உள்நாட்டு மிஷனரி சங்கம் ஒன்று உருவாக உழைத்தார். அது தென்மேற்கே யுன்னானுக்கு ஆள் அனுப்பியது. ஆக, பெற்றுக்கொண்ட சபை அனுப்பும் சபையாக மாறும் ஆசை இரண்டு நாடுகளிலும் ஒரே காலத்தில் எழுந்தது. சீனாவில் அந்த ஆசையில் முதல் இரண்டு சுயங்களை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. மூன்றாவதான பரப்புதலை ஆலயச் சுவருக்குள் அடைத்தது.

வெளிநாட்டுச் சீனர்களின் கதை இதற்கு வெளியே, வேறு கணக்கில் ஓடியது. அதை நான் இன்றைய மலேசியாவின் சரவாக்கில் உள்ள சிபு நகரிலிருந்துதான் தொடங்குவேன். தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜோவைச் சேர்ந்த மெதடிஸ்ட் கல்வியாளர் வோங் நை சியோங், சீனப் பேரரசில் 1898-இன் சீர்திருத்த முயற்சி முறிந்தபோது தன் மக்களுக்கு வேறு மண் தேடினார். சரவாக் ராஜா சார்ல்ஸ் புரூக்கோடு 1900-இல் ஒப்பந்தம் போட்டு, 1901-இலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபூஜோ மக்களை ரஜாங் ஆற்றங்கரையில் குடியேற்றினார். அவர்களில் பெரும்பாலோர் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். நெல் பயிரிட வந்தவர்களை ரப்பர்தான் கடைசியில் வாழவைத்தது. ஆற்றோரம் நெடுக ஆலயமும் பள்ளியும் எழுந்தன. 1903-இல் மலாயாவில் பேராக்கின் சித்தியவானிலும் இதேபோல் ஒரு ஃபூஜோ மெதடிஸ்ட் குடியேற்றம் அமைந்தது. மலேசிய மெதடிஸ்ட் திருச்சபையில் 'மாநாடு' என்பது ஒரு நிர்வாகப் பிரிவு; அங்கே இன்றும் சீன மாநாடும் தமிழ் மாநாடும் தனித்தனியே இயங்குவதை அங்குள்ள தமிழ் வாசகர்கள் அறிவார்கள். யார் எந்தக் கப்பலில் பிழைப்புத் தேடி வந்தார்களோ அவர்களின் மொழியில் சபை அமைந்தது.

அந்தச் சபைகளில் நெருப்பு மூட்டியவர் ஜான் சுங். ஃபூஜியான் போதகர் ஒருவரின் மகன். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1926-இல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அடுத்து இறையியல் படிக்க நியூயார்க் போனார். 1927-இல் அவருக்கு உண்டான ஆவிக்குரிய கொந்தளிப்பைக் கண்டு பயந்த கல்லூரி, அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. 193 நாள் அங்கே இருந்தார். ஊர் திரும்பும் கப்பலில் பட்டயங்களைக் கடலில் எறிந்தார், தந்தைக்குக் காட்ட முனைவர் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார் என்பது அவரைப் பற்றித் தவறாமல் சொல்லப்படுவது. 1935 முதல் 1939 வரை சிங்கப்பூர், மலாயா, சரவாக், ஜாவா, சியாம் என்று சுற்றினார். அவர் பேசியது மாண்டரின். கூட்டத்துக்குத் தெரிந்தது ஹொக்கியன், தியோச்சூ, ஃபூஜோ என்ற தென்சீனப் பேச்சுமொழிகள். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்கவேண்டும்: மேடையில் ஓடினார், பாடினார், பாவங்களைக் காட்ட கையடக்கமான சவப்பெட்டியைத் தூக்கினார்.

ஆனால் கூட்டத்தைவிட அவர் விட்டுப்போனதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று பேர் கொண்ட சாட்சிக் குழுக்களை அமைத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முக்கோணக் கொடி. வாரம் ஒருமுறையாவது வெளியே போய்ச் சொல்லவேண்டும் என்பது உறுதிமொழி. கடைக்காரர்கள், தையல்காரிகள், பள்ளி ஆசிரியைகள் அந்தக் கொடியை ஏந்திப் போனார்கள். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் மிஷனரிகள் சிறை முகாம்களில் கிடந்தபோது சபைகளைத் தாங்கியவர்கள் இந்த மாதிரிப் பொதுமக்கள்தான். ஜான் சுங் 1944-இல் பெய்ஜிங்கில் இறந்தபோது வயது 42.

இதே போக்கை வென்ஜோவிலும் பார்க்கலாம். ஜெஜியாங் கடலோரத்தின் இந்த வணிக நகரத்தைச் 'சீனாவின் எருசலேம்' என்கிறார்கள். 1867-இல் இங்கு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஸ்டாட். ஒரு காலை இழந்தவர். ஒற்றைக் காலோடு சீனாவுக்கா என்று கேட்டவர்களிடம், இரண்டு கால் உள்ளவர்கள் போகக் காணோமே என்றாராம். 1980-களில் பொருளாதாரக் கதவு திறந்ததும் பொத்தானும் காலணியும் மூக்குக் கண்ணாடியும் செய்து விற்ற வென்ஜோ வணிகர்கள், போன நகரங்களிலெல்லாம் ஜெபக்கூட்டங்களைத் தொடங்கினார்கள். சீன நகரங்களைத் தாண்டி பாரிசுக்கும், இத்தாலியின் பிராத்தோவுக்கும் போனார்கள். பிராத்தோவில் தையல் பட்டறை வைத்தவர்கள் அங்கேயும் தங்கள் ஊர்ப் பேச்சில் சபை அமைத்தார்கள். சொந்த ஊரில் அவர்கள் காசு போட்டுக் கட்டிய மாபெரும் சாஞ்சியாங் ஆலயம் 2014 ஏப்ரல் 28 அன்று இடிக்கப்பட்டது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் மாகாணம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலயக் கூரைகளிலிருந்து சிலுவைகள் இறங்கின. அவற்றில் பல, அரசிடம் பதிவான ஆலயங்கள்.

2018 பிப்ரவரியில் புதிய மத ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்தபின் நகரத்துச் சபைகளுக்கு நெருக்கடி கூடியது. பெய்ஜிங்கின் சீயோன் சபை, ஆராதனைக் கூடத்தில் கண்காணிப்புக் கேமரா வைக்க மறுத்தது. அந்தச் செப்டம்பரிலேயே மூடப்பட்டது. அது இணையத்துக்கு நகர்ந்து, பல நகரங்களில் சிறு சிறு குழுக்களாகப் பெருகியது. 2025 அக்டோபரில் அதன் போதகர் ஜின் மிங்ரி பிடிபட்டார். செங்டு நகரப் போதகர் வாங் யி 2018 டிசம்பரில் கைதாகி ஒன்பது ஆண்டுத் தண்டனை பெற்றவர். ஷென்ஜென் நகரச் சபை ஒன்று குழந்தைகுட்டிகளோடு நாட்டைவிட்டே கிளம்பி, தென்கொரியாவின் ஜேஜு தீவு, தாய்லாந்து என்று அலைந்து 2023-இல் அமெரிக்காவின் டெக்சஸ் போய்ச் சேர்ந்தது. (கத்தோலிக்கர் கதை தனி: 2018-இல் வத்திக்கான் ஆயர் நியமனம் குறித்துச் செய்த உடன்பாடு அவர்களுக்குள்ளேயே பெரிய விவாதம்.)

'ஒரு கிறிஸ்தவர் கூடினால் ஒரு சீனர் குறைவார்' என்ற பழிச்சொல் 1920-களிலிருந்தே சீனாவில் புழங்குகிறது. மதத்தைச் 'சீனமயமாக்குவோம்' என்று இன்றைய அரசு சொல்வதன் பின்னணியில் அந்தப் பழைய சந்தேகம் இருக்கிறது. இந்த நம்பிக்கை சீனத்தில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதற்கு அச்சிட்ட வேதாகமத்தின் ஒரு பக்கம் போதும். கடவுளைக் குறிக்க ஷாங்தி என்ற இரண்டெழுத்துச் சொல்லா, ஷென் என்ற ஓரெழுத்துச் சொல்லா என்று 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கடுமையாக மோதிக்கொண்டார்கள். தீர்வு கிடைக்கவில்லை. அதனால் 1919-இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இன்றுவரை இரண்டு பதிப்புகளாகவே அச்சாகிறது. ஷென் பதிப்பைத் திறந்தால், அந்த எழுத்துக்கு முன்னால் ஓரெழுத்து அளவு வெற்றிடம் இருக்கும். இரண்டு பதிப்பிலும் வரிகள் ஒன்றுபோல் அமைவதற்காக விட்ட இடம். படிக்கும் விசுவாசிகளோ அதைப் பயபக்தியால் விட்ட இடைவெளி என்றும் கொள்கிறார்கள். பராபரனா, தேவனா, சர்வேசுரனா, கடவுளா என்று மல்லுக்கட்டிய தமிழ் வேதாகம மரபிலிருந்து வருகிற எனக்கு, அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. நான்ஜிங்கில் உள்ள அமிட்டி அச்சகம் 2019-க்குள் 20 கோடி வேதாகமங்களை அச்சிட்டிருந்தது, பெரும்பகுதி ஏற்றுமதி. அதற்கு முந்தைய ஆண்டுதான் சீன இணையக் கடைகளிலிருந்து வேதாகமம் அகற்றப்பட்டது.

சரி, இருபதாயிரம் பேர்? இந்த இலக்கை எட்டுவது கடினம் என்றே நினைக்கிறேன், காவல்துறை ஒன்றே அதற்குக் காரணமல்ல. புறப்படும் வயதில் இருப்பவர்கள் ஒற்றைக் குழந்தைச் சட்டத்தின் பிள்ளைகள். 2015 வரை நீடித்த அந்தச் சட்டத்தால் பல வீடுகளில் அப்பா, அம்மா, நான்கு தாத்தா பாட்டிகள் என ஆறு பேருக்கு ஒரே பிள்ளை. தாஜிகிஸ்தானுக்கோ ஜோர்தானுக்கோ போகிறேன் என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது, மறுக்கும் பெற்றோர் விசுவாசம் குறைந்தவர்கள் அல்லர். பெற்றோரைப் பேணுவது சீனப் பண்பாட்டின் அச்சாணி. வேதாகமமும் அதைக் கட்டளையாகவே சொல்கிறது. அனுப்பும் சபையே எந்த மாதமும் கலைக்கப்படலாம் என்ற நிலையில், போனவருக்கு மாதப் பணம் யார் அனுப்புவது, மருத்துவச் செலவை யார் ஏற்பது, பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன வழி? கடனடைக்கும் ஆர்வத்தில் இந்தக் கேள்விகளைப் பின்னால் தள்ளியவர்கள் இளைஞர்களுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. குவெட்டாவில் இறந்த இருவரையும் இரத்தசாட்சிகள் என்று மதிப்பது சரி. அவர்களை அத்தனை ஆபத்தான நகரத்தில் யார் துணையோடு வைத்தோம் என்று கேட்பதும் சரி.

திரும்பி வருகிறவர்கள் இன்னொரு வகை. மேலைப் பல்கலைக்கழக ஊர்களில் வெள்ளிக்கிழமை மாலை, சீனச் சபையார் வீட்டில் சூடான சாப்பாடும் வேதபாடமும் கிடைக்கும். தனிமையில் வாடும் மாணவர் அங்கே போய், மெல்ல விசுவாசத்துக்கு வருகிறார். ஊர் திரும்பியவரை 'ஹைகுய்' என்பார்கள். 'கடலிலிருந்து திரும்பியவர்' என்பதும் 'கடலாமை' என்பதும் ஒரே ஒலி. ஆமை முட்டையிடக் கரைக்கு வருவதுபோல இவர்கள் வருவார்கள் என்று சபைகள் நம்புகின்றன. ஷாங்காயில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வேலை, திருமணம் எப்போது என்ற பெற்றோரின் நச்சரிப்பு, அறிமுகமில்லாத வீட்டுச் சபையின் கதவைத் தட்டும் பயம் என்று எல்லாம் சேர்ந்து பலரை மெல்ல விலக்கிவிடுகின்றன.

இவையெல்லாம் சீனர் சீனருக்குச் சொன்ன கதைகள். வேற்று மக்களிடம் போவதுதான் அவர்கள் இன்னும் முழுமையாகக் கடக்காத ஆறு. மறுபடி ரஜாங் கரைக்கு வருகிறேன். ஃபூஜோ மெதடிஸ்டுகள் குடியேறிய அந்த ஆற்றின் மேல்பகுதி முழுக்க அம்மண்ணின் பழங்குடியான இபான் மக்களின் நெடுவீடுகள். இருவரும் ஒரே தண்ணீரில் படகு விட்டார்கள், சந்தையில் பேரம் பேசினார்கள். ஆனால் இபான் மக்களிடையே மெதடிஸ்ட் திருச்சபையின் முறையான பணி 1939-இல்தான் தொடங்கியது, குடியேறி 38 ஆண்டுகளுக்குப் பிறகு. அப்போதும் கபிட் ஊருக்குப் படகேறிப் போனவர் சீனரல்லர். சுமத்ராவிலிருந்து வந்த பத்தாக் இனத்தவர் லூசியஸ் மமோரா. இன்று இபான் மெதடிஸ்டுகளுக்கெனத் தனி மாநாடே இருக்கிறது.

அந்த 38 ஆண்டுகளைச் சுட்டிக்காட்டிச் சிபு மக்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. காடு வெட்டி, காய்ச்சலில் பாதிப் பேரைப் பறிகொடுக்காமல் காப்பாற்றுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. ஆனால் மேற்கே போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் வரைபடத்தை விரிக்கும்போது ஷின்ஜியாங்கோடு ரஜாங்கையும் காட்டவேண்டும் என்று விரும்புகிறேன். குவெட்டாவில் அந்த இளைஞனும் இளம்பெண்ணும் உருது எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தான் அரசு அதை வெறும் சாக்கு என்று சொன்னது. ஓர் அந்நிய மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்கியவர்கள் அவர்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.